எல்லாவற்றிலும் ஆசை வைக்கும் பிள்ளைக்கு

கண்ணு,

சோழர் கதை ஒரு நாள், சங்கப் பாட்டு ஒரு நாள், கறுப்பு வெள்ளைப் படம் ஒரு நாள் என்று நீ அலைவதாக உன் அம்மா சொன்னாள். "எதிலாவது ஒன்றில் நிலையாக நிற்கச் சொல்லுங்கள், அத்தான்" என்று புகார் வேறு. ஆள் தெரியாமல் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அச்சகத்தில் புரூஃப் பார்த்தே வயிறு வளர்த்தவன் இந்தப் பெரியப்பா. காலையில் தலபுராணம், மத்தியானம் சினிமாப் பாட்டுப் புத்தகம், பொழுது சாய்ந்தால் பஞ்சாங்கம். கைக்கு வந்ததை எழுத்து விடாமல் படித்தாக வேண்டும். அந்தப் பிழைப்பில் பழகியதைத்தான் எழுதுகிறேன். நினைவுக்கு வந்தபடி எண் போட்டிருக்கிறேன், வரிசை தேடாதே.

1. பிடித்த இடத்தில் தொடங்கு. அதில் வெட்கம் வேண்டாம். வரலாற்றைக் கற்காலத்திலிருந்துதான் படிப்பேன் என்று உட்கார்ந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் புதிய கற்காலத்தைத் தாண்டவில்லை. நீ நாகேஷிடமிருந்து தொடங்கு. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமி மண்டபத்தில் நின்று புலம்புகிறானே, அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரி. சிரித்து முடித்ததும், இந்த ஆள் எங்கிருந்து வந்தான் என்று கேள். படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே நக்கீரராகவும் வந்து நிற்கிறார். அவர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். கதையை அவர் எடுத்தது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலிருந்து. அங்கே போனால் தருமி தாய் தந்தை இல்லாத இளைஞன். கல்யாணம் செய்துகொள்ளக் காசில்லாமல் சொக்கநாதரிடம் முறையிடுகிறான். சிரிப்பு கொஞ்சம் அடங்கும். இன்னும் பின்னே போனால், பரஞ்சோதிக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே அப்பர் திருப்புத்தூர்த் தேவாரத்தில் தருமிக்குப் பொற்கிழி கிடைத்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கும் அடியில், தருமிக்கு இறைவன் எழுதிக் கொடுத்ததாகக் கதை சொல்லும் குறுந்தொகை இரண்டாம் பாட்டு, இறையனார் பெயரில். அந்தப் பாட்டை மட்டும் தனியாகப் படித்துப் பார். பாண்டியனும் இல்லை, நக்கீரனும் இல்லை, நெற்றிக்கண்ணும் இல்லை. ஒருவன் வண்டைக் கூப்பிட்டுத் தன் காதலியின் கூந்தலைப் பற்றிக் கேட்கிறான், அவ்வளவுதான். ஒரு காமெடி சீனைப் பிடித்துக்கொண்டு சங்கப் பாட்டு வரை வந்துவிட்டாய். இலக்கண வாத்தியார் பிரம்போடு நின்றிருந்தால் வந்திருப்பாயா?

2. கதை எது, சாசனம் எது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் ரசி, கலக்காதே. கடைக் கல்லாவையும் வீட்டுச் செலவையும் ஒரே டப்பாவில் போட்டவன் கடைசியில் இரண்டுக்கும் கணக்குச் சொல்ல முடியாமல் நிற்பான்.

ஒரு முறை எங்கள் அச்சகத்துக்குக் கும்பாபிஷேக மலர் ஒன்று வந்தது. ஊர் வரலாறு என்ற கட்டுரையில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சதி செய்த நந்தினி இந்த வழியாகத்தான் பல்லக்கில் போனாள் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் நல்ல மனிதர், ஓய்வு பெற்ற பெரியவர். நந்தினி கல்கி தன் நாவலுக்காகப் படைத்த பாத்திரம் என்றேன். "பாத்திரத்துக்கு எப்படி ஐயா இவ்வளவு கோபம் வரும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் கல்கிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனாலும் பல்லக்கை எடுத்துவிட்டுத்தான் அச்சிட்டோம்.

அந்தக் கொலையைப் பற்றி நிஜமாக நம் கையில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டுமானால் காட்டுமன்னார்கோயிலுக்குப் போ. சிதம்பரத்திலிருந்து பஸ் உண்டு. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயரைச் சொல்லி, அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த நிலபுலன் பறிமுதலானதைச் சொல்கிறது. ரவிதாசனுக்கும் பரமேசுவரனுக்கும் பிரமாதிராஜன் என்ற பட்டம் இருக்கிறது; ஏதோ தெருவில் போகிறவர்கள் இல்லை, அரசாங்கத்தில் பெரிய இடத்து மனிதர்கள். பின்னாலிருந்து ஏவியது யார் என்று கல் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்பவில்லை. கல் பேசாமல் விட்ட இடத்தில்தான் கல்கி 1950 முதல் மூன்றரை வருஷம் வாரா வாரம் கதை சொன்னார். அவர் எவ்வளவு படித்துவிட்டு, எங்கே துணிந்து கற்பனையை அவிழ்த்துவிட்டார் என்பது சாசனத்தைப் பார்த்த பிறகுதான் உனக்குப் புரியும். வந்தியத்தேவன் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்து ஏரி, அந்த வீராணம், அதே ஊர்ப் பக்கந்தான். ஆடிப் பதினெட்டு வாக்கில் போனால் இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

3. படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொல்லாதே. பெயர் தெரியும், பின்னட்டை பார்த்திருக்கிறேன், யாரோ சொல்லக் கேட்டேன் என்றால் அப்படியே சொல். பலதுறை ஆசை உள்ளவர்களுக்கு வரும் முதல் வியாதி இது. எட்டு நூலின் பெயரைத் தெரிந்துகொண்டு எட்டிலும் அபிப்பிராயம் வைத்திருப்பார்கள்.

4. தெரிந்தவர் கீழே உட்கார்ந்திருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள். உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அவர் படித்திருந்த பட்டியல் நீளம். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா, பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். வேறு ஒரு பண்டிதராக இருந்தால் அன்றைக்கே அந்த வீட்டுப் படியை மறந்திருப்பார். ஐயர் ஏட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சமணக் கொள்கை புரியவில்லை என்றதும் கும்பகோணத்தில் இருந்த சைனர்களைத் தேடிப் போனார். அவர் பல நாள் தடுமாறிய இடத்தை அவர்கள் வீட்டுப் பேச்சாக விளக்கினார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. நூலைவிட எனக்கு அந்த வாசற்படிதான் பெரிதாகத் தெரிகிறது. ஸ்மார்த்தப் பிராமணர், கல்லூரி ஆசிரியர், சமண வணிகர் வீட்டில் போய்ப் பாடம் கேட்டிருக்கிறார். நீயும் தவில் பற்றி எழுத நினைத்தால் தவில்காரரிடம் போ. தெருக்கூத்து என்றால் கூத்தாடியிடம் போ. போகும்போது வெறுங்கையோடு போகாதே. வேலை நேரத்திலும் போகாதே.

5. ஒரு படம் எந்தக் காலத்தைச் சொல்கிறது என்று பார்த்த கையோடு, எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டது என்றும் பார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-இல் வந்தது; அதற்கு முன்பே சிவாஜி நாடக மன்றம் மேடையில் போட்ட நாடகம். ஜாக்சனிடம் சிவாஜி முழங்கும் வசனம் சக்தி கிருஷ்ணசாமியின் பேனாவில் பிறந்தது. கட்டபொம்மன் 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது உண்மை, அங்கே கைகலப்பு நடந்தது உண்மை, 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டது உண்மை. ம.பொ.சி. அவரை விடுதலை வீரராக எழுதினார். தமிழ்வாணன் கொள்ளைக்காரன் என்றே ஒரு புத்தகம் போட்டார். இரண்டு பக்கமும் படி. அப்புறம் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, கொட்டகை கொட்டகையாக ஜனங்கள் அந்த வசனத்தை மனப்பாடம் செய்தார்களே, அவர்களுக்கு என்ன தேவைப்பட்டது? அந்தப் படம் 1799-க்குச் சுமாரான சாட்சி. 1959-க்கு முதல்தரச் சாட்சி. 

6. கேளிக்கையைச் சில்லறை விஷயம் என்று யாராவது சொன்னால் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போ. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தது போதும், சுவரைப் பார்க்கச் சொல். இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் மகளிர் நானூறு பேரைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று கல்லில் வெட்டியிருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களுக்குப் பின்னால் நட்டுவனார், பாடுவார், மத்தளம் கொட்டுவார், விளக்குப் பிடிப்பார், தையற்காரர், நாவிதர் என்று பட்டியல் போகிறது. ஒரு பேரரசன் தன் பெருமையை எழுதிய சுவரிலேயே தையற்காரருக்கும் இடம் இருக்கிறது.

அதே கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசித் திருவிழாவில் 'இராசராசேசுவர நாடகம்' ஆடுவதற்கு ஒரு சாந்திக்கூத்தனுக்கு நாளொன்றுக்குத் தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம். கணக்குப் போட்டுப் பார்: மூன்று தூணி ஒரு கலம், முந்நூற்று அறுபது நாளுக்குச் சரியாக 120 வருகிறது. சம்பளம் இருக்கிறது, நடிகன் பெயர் இருக்கிறது, நாடகந்தான் இல்லை. ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை. எனக்கு யாராவது வரம் கொடுத்தால் அந்த நாடகத்தின் ஒரு ஏட்டைக் கேட்பேன்.

7. ஆகவே காகிதத்தைத் தூக்கிப் போடாதே. நாடகம் போனது போலவே சினிமாவும் போயிருக்கிறது. நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்தியப் படம் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 அக்டோபர் 31-இல் வெளியாகி, டி.பி. ராஜலட்சுமியைப் பேச வைத்த 'காளிதாஸ்' இல்லை. அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் விளம்பரத்திலும் பத்திரிகைக் குறிப்பிலும் மிஞ்சியதுதான்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. புத்தகத்தோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கடையில் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் காலமான பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதை வைத்துச் சென்னையில் தொடங்கிய நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. குஜிலிக் கடையில் காலணா அரையணாவுக்கு விற்ற கொலைச் சிந்தையும் வெள்ளச் சிந்தையும் பண்டிதர்கள் விரலால்கூடத் தொட்டதில்லை. இன்றைக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி போன்றவர்கள் 'முச்சந்தி இலக்கியம்' என்று அதை ஆராய்ந்து எழுதுகிறார்கள். எது குப்பை என்று தீர்மானிக்கும் அவசரம் உனக்கு வேண்டாம். வீட்டில் இடம் இல்லை என்று உன் அம்மா சொன்னால் அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு டிரங்குப் பெட்டிக்கு மேல் கேட்காதே.

8. சோற்றுக்கு ஒரு தொழில் வைத்துக்கொள். வேங்கடாசலபதி மாதிரி ஆராய்ச்சியே தொழிலாக அமைவது சிலருக்குத்தான். மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளிக்கூட ஆசிரியர். 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்', 1940-இல் 'பௌத்தமும் தமிழும்', 1954-இல் 'சமணமும் தமிழும்', பிறகு அழகுக்கலைகள் பற்றி ஒன்று, மறைந்துபோன தமிழ் நூல்கள் பற்றி ஒன்று. சிற்பம் முதல் களப்பிரர் வரை தொடாதது குறைவு. ஆனால் எதைத் தொட்டாலும் எங்கே கிடைத்தது என்று சொல்லாமல் விடமாட்டார். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர். பறவை, காடு, பழைய சினிமா மூன்றிலும் எழுதினார். இவர்களுக்கு யாரும் விடுமுறை கொடுத்து எழுதச் சொல்லவில்லை. ஆசை ஒன்றையே நம்பி வேலையை விட்ட நண்பன் எனக்கு ஒருவன் இருந்தான். கெட்டிக்காரன். கடன்காரர்களுக்குப் பயந்து கடைசியில் தன் புத்தகங்களையே விற்றான். நான்கூட அவற்றில் இரண்டை வாங்கினேன். அவன் பென்சில் குறிப்புகளோடு என் அலமாரியில் இருக்கின்றன.

9. முடிவு மாறும், மாறும்போது முகம் சுளிக்காதே. பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பதற்கே பல கதைகள் உலவின. 1886-இல் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹூல்ஷ் சுவரைப் படித்துத்தான் இராசராசன் என்று உறுதியானது. கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். அதுவரை அந்த நடையில் போய்வந்தவர்கள் எல்லாரும் மேல் பூச்சைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். உன் குறிப்பேட்டில் எதை எழுதினாலும் எந்த நூல், எந்தப் பக்கம், என்றைக்குப் படித்தாய் என்று பக்கத்தில் எழுது. பிற்பாடு மாற்ற வேண்டி வந்தால் எதை மாற்றுகிறாய் என்று தெரியும்.

10. "நம்ம ஆளா?" என்ற கேள்வியோடு வரலாற்றுக்குள் நுழையாதே. இராசராசன் பிறந்தநாளான ஐப்பசி சதயத்தன்று தஞ்சாவூர்ச் சுவரொட்டிகளைப் பார். எத்தனை சாதிக்கு ஒரே இராசராசன் தாத்தாவாகிறான்! மன்னனைத் தாத்தாவாக்கிக்கொண்டவன் அவன் கொளுத்திய ஊரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டான். சோழப் படை போன வழியில் இருந்தவர்களுக்கும் தாத்தாக்கள் உண்டு. புரூஃபில் சாதிப் பெருமைப் புத்தகம் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே பிழை: ஆதாரம் கிடைப்பதற்கு முன்பே முடிவு கிடைத்துவிடும். உனக்குப் பிடித்த அரசன், பிடித்த கவி, பிடித்த நடிகன் யாராக இருந்தாலும் அவனைக் கண்டு வெட்கப்பட ஒரு காரணமாவது தெரிந்து வைத்திரு. அதற்குப் பிறகும் பிடித்தால், தாராளமாகக் கொண்டாடு.

11. கடைசியாக, இருக்கிறவர்களிடம் கேள். 1944 தீபாவளிக்குப் பிராட்வே தியேட்டரில் வந்து மூன்று தீபாவளி கண்ட, பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படத்தைக் கொட்டகையில் பார்த்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்காமல் விட்ட கேள்விகளுக்குப் பாகவதரின் பாட்டுத்தட்டு பதில் சொல்லாது. 1964-இல் 'பூம்புகார்' பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலப்பதிகாரம் என்றொரு நூல் இருப்பதே அந்தப் படத்தால்தான் பலருக்குத் தெரிந்தது. விஜயகுமாரி அழுதால் கண்ணகி அழுததாகவே நினைத்த தலைமுறை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தட்டி வைத்தது, ரீல் மாற்றும் இடைவேளையில் என்ன தின்றார்கள், யாருக்குத் தெரியாமல் வந்தார்கள், எல்லாவற்றையும் கேள். உன் அலைபேசியில் பதிந்து வை. தொடங்கும்போது பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர்கள் வாயாலேயே சொல்லவை. அவர்கள் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்தாதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் அத்தைப்பாட்டியிடமே ஆரம்பி. மத்தியானம் தூங்கி எழுந்து காப்பி குடித்த பிறகு போ. அதற்கு முன்னால் போனால் எம்.ஜி.ஆரே வந்து கேட்டாலும் வாய் திறக்க மாட்டாள்.